கழுவி வைத்த இசைத்தட்டு

என்னிடம் உள்ள பழைய கன்னட இசைத்தட்டு ஓரிடத்தில் சிக்கிக்கொண்டு, "சாக்கு, சாக்கு" என்றே பாடும். போதும், போதும் என்று பொருள்.

மாடியில் குடியிருக்கும் கவிதாவுக்கு அந்தச் சிக்கல்தான் பிடித்தது. அதைப் பதிவு செய்து, எலக்ட்ரானிக் தாளம் சேர்த்து, நாளை ஓசூரில் தன் கம்பெனி ஆண்டு விழாவில் போடப்போவதாகச் சொல்லியிருந்தாள்.

அழுக்குத் தட்டையா கொடுப்பது என்று, இன்று காலை அதைச் சோப்பு நீரில் மெதுவாகக் கழுவி, துடைத்து, நிழலில் காயவைத்தேன்.

கவிதா வந்து மைக்கை நீட்டினாள். பாட்டு எங்கும் சிக்காமல் முழுதாக ஓடி முடிந்தது.

"என்ன சார், கழுவுனீங்களா?"

"அது வந்து... அது வந்து... தூசியா இருந்துச்சும்மா."

"என் பாட்டையே கழுவி ஊத்திட்டீங்களே சார்!" என்றவள், சட்டென்று மைக்கைப் பார்த்தாள். அது இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது.

"விடுங்க சார். வேற கெடச்சிருச்சு."

மாலையிலிருந்து மாடியில் தாளத்தோடு என் குரல்தான்: "அது வந்து, அது வந்து."

சற்று முன் பக்கத்து வீட்டுக்காரர், தளி ஊர்க் கன்னடக்காரர், ஜன்னலைத் திறந்து கன்னடத்தில் கத்தினார்: "சாக்கு! சாக்கு!"

கவிதாவை மைக்கோடு கீழே கூப்பிடலாமா? எனக்குத் தைரியம் போதவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.