தெற்கு ஜன்னல் இருந்த இடம்

திருப்பதி பஸ் ஸ்டாண்டை நோக்கி ரேணிகுண்டா சாலையோரமாக நடந்துகொண்டிருந்தேன். தலைமுடியில் இன்னும் செங்கல் தூள் இருந்தது. ஒரு கையில் பை, மறு கையில் அக்கா கட்டிக் கொடுத்த தயிர்சோறு. அந்த ஊரை விட்டு நான் பலமுறை கிளம்பியிருக்கிறேன். இந்த முறை காரணம் மட்டும்தான் புதிது. அக்கா புருஷன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் வீட்டுச் சுவரை உடைத்திருந்தேன்.

"நாளைக்குக் காலையில மேஸ்திரிய இட்டாந்து மூடறேன். நீ அதுக்குள்ள எங்கனா போய்ச் சேரு" என்று மாமா சொல்லியிருந்தார். எங்கேயாவது போவது எனக்குக் கஷ்டமான வேலை இல்லை. அக்காவை, மறுபடி மூடப்போகிற அந்த அறையில் விட்டுவிட்டுப் போவதுதான் காலை இழுத்தது.

மாமா ஒரு கல்லூரியில் அட்டெண்டர். ஒன்பது வருடம் தற்காலிக அட்டெண்டராக இருந்தார். யாரோ சொல்லி ஒரு சித்தாந்தியை வீட்டுக்கு அழைத்து வந்தார். வீட்டுக்கு வாஸ்து பார்க்கிறவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் உள்ளங்கையில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். படுக்கையறையின் தெற்கு ஜன்னல் வழியாகத்தான் வருவதெல்லாம் போய்விடுகிறது என்று கண்டுபிடித்தார். ஜன்னலைப் பெயர்த்துவிட்டுச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னார். அந்த இடத்தை மறைத்து, வடக்கே பார்த்தாற்போல் பீரோவை நிறுத்தச் சொன்னார். மூன்றாம் மாதம் மாமாவின் வேலை நிரந்தரமானது. அதே உத்தரவில் இன்னும் முப்பது பேருடைய வேலையும் நிரந்தரமானது. அவர்கள் வீட்டு ஜன்னல்களைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அக்காவுக்கு மூச்சிரைப்பு வந்தது. தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். அக்கா ஒரு நாளைக்கு மூன்று தடவை வீட்டைப் பெருக்கினாள். படுத்தால் நெஞ்சு அடைத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது, கூடத்துச் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தாள்.

"நல்லாத்தான் கீறேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு நாள் கால நீட்டிப் படுத்துத் தூங்கினா போதும்டா. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

நான் சித்தூரில் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் சீசன் வேலை முடித்து, கொஞ்ச நாள் வெல்ல மண்டியில் மூட்டை தூக்கி, அங்கிருந்து வந்திருந்தேன். படுக்கையறையில் ஒரு வாடை அடித்தது. மாமாவுக்கு அதன் காரணம் உடனே தெரிந்துவிட்டது.

"இவன் பைதான். எந்த ஊரு குப்பையெல்லாம் அதுல கீதோ."

அக்கா பையைச் சோப்புப் போட்டு அலசி மொட்டை மாடியில் உலர்த்தினாள். வாடை போகவில்லை. என் செருப்பு வாசலுக்குப் போனது. என்னை இரண்டாவது தடவை குளிக்கச் சொன்னார்கள். அதற்கும் அது அசையவில்லை. எனக்கோ அது தெரிந்த வாடை. தொழிற்சாலையில் நான் நின்ற இடத்தில், பெட்டி பெட்டியாக வரும் மாம்பழத்தில் பூசணம் பிடித்ததைக் கண்ணால் பார்க்கும் முன்னே மூக்கு சொல்லிவிடும். படித்த எட்டு வகுப்பில் எனக்கு நிலைத்தது குறைவு. அந்த மூக்கு நிலைத்துவிட்டது.

மாமா கல்லூரிக்குப் போனதும் பீரோவை இழுத்தேன்.

சுவரில் ஜன்னல் இருந்தது. அதாவது, ஜன்னல் இருந்த இடம் கறுப்பாக இருந்தது. அகலம், உயரம், மூலை எதுவும் தப்பாமல், அடைத்த சதுரம் முழுக்கப் பூசணம். கையால் தொட்டால் ஈரம், மசியைப் போல ஒட்டியது. பீரோவின் முதுகும் அப்படியே. உள்ளே அக்காவின் கல்யாணப் பட்டுப்புடவையின் மடிப்பில் சாம்பல் நிறப் புள்ளிகள். அக்கா புடவையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"இத்தினி நாளா இதாண்ட தல வெச்சிப் படுத்துக்கினு இருந்தனா?"

வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற சந்து. அதில் போய்ப் பார்த்தேன். பக்கத்து மாடி மழைக்குழாயின் தண்ணீர் நேராக அந்த இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. அடைத்த செங்கல்லுக்கு வெளிப்புறம் பூச்சே இல்லை. யாரும் பார்க்காத பக்கத்துக்குப் பூச்சு எதற்கு என்று விட்டிருந்தார்கள். செங்கல் மழையை எல்லாம் குடித்து உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தது.

மாமா சாயங்காலம் வந்து பார்த்தார். சித்தாந்தி சொன்னதில் பூசணம் பற்றி ஒன்றும் இல்லை. ஆகவே பெயிண்ட் வாங்கி வந்தார். நான் இரண்டு கோட் அடித்தேன். அறை பளிச்சென்று ஆனது. பீரோ தன் இடத்துக்குத் திரும்பியது. பத்தே நாளில் சதுரமும் தன் இடத்துக்குத் திரும்பியது.

அதன் பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. தகடு ஒன்றை எடுத்துக் காய்ந்த பக்கமெல்லாம் பரபரவென்று சுரண்டினேன். சுரண்டினால் அது தூளாகிக் காற்றில் ஏறும் என்று ஒருவேளை ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அக்காவுக்கு அரை மணியில் இழுப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகையை இழுக்கவைத்த பிறகுதான் பேச்சு வந்தது. வந்த முதல் பேச்சு, "அவனத் திட்டாதீங்க." மாமா அங்கே திட்டவில்லை. வீட்டுக்கு வந்து திட்டினார். அதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை.

மறுவாரம் அக்காவை மேல்வீட்டில் உட்காரவைத்தேன். இந்த முறை துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டேன். சுவரை முதலில் நனைத்தேன். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றித் தேய்த்து, துடைத்த துணிகளைப் பையில் கட்டி வெளியே போட்டேன். ஆனால் செங்கல் உள்ளவரை ஈரம் வரும், ஈரம் உள்ளவரை அது வரும். கடப்பாறையை எடுத்தேன். செங்கல் டீயில் தோய்த்த பிஸ்கட் மாதிரி வந்தது. தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. சந்தில் இருந்த காற்று அப்படியே உள்ளே வந்து காலண்டரைத் தூக்கி அடித்தது.

மதியம் பவுடர் வாடை போனதும் அக்கா வந்தாள். ஓட்டையைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். பிறகு சும்மா கட்டிலில் சாய்ந்தாள். சாய்ந்தவள் காலை நீட்டினாள். நீட்டியவள் தூங்கிவிட்டாள்.

நாலு மணிக்கு மாமா வந்தார். முதலில் சுவரைப் பார்த்து வாயைத் திறந்தார். அப்புறம் கட்டிலைப் பார்த்தார். என்னைக் கூடத்துக்கு இழுத்து வந்து, அவள் எழுந்துவிடாதபடி கிசுகிசுப்பாகத் திட்டினார். அப்படி ஒரு கோபத்தை அவ்வளவு மெல்லிய குரலில் நான் கேட்டதில்லை.

"என் வேலைக்கு வேட்டு வெச்சிட்டியேடா, பாவி."

"அக்கா தூங்குது மாமா."

"அது தெரியுதுடா எனக்கு. மெதுவாப் பேசு."

பஸ் ஸ்டாண்டில் நாயுடுபேட்டை பஸ் நின்றது, சித்தூர் பஸ் நின்றது. இரண்டிலும் ஏறவில்லை. தயிர்சோற்றைத் தின்றுவிட்டு அங்கேயே படுத்தேன். விடிந்ததும் கூலியாட்கள் நிற்கும் சந்திப்புக்குப் போய் நின்றேன். கையாள் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு வயதான மேஸ்திரி, "கலவை கலக்கத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். என் வேலை முடிவானது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் மாமாவின் வண்டி வந்து நின்றது. இறங்காமலே மேஸ்திரியிடம், ஜன்னல் அடைக்க வேண்டும் என்றார். அதன் பிறகுதான் பக்கத்தில் சிமெண்ட் சட்டியோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"இவன் இன்னாத்துக்கு இங்க?"

"என் ஆளு சார். ஏன், தெரிஞ்சவனா?"

"தெரியும், தெரியும். ஓட்டை போடறதுல கெட்டிக்காரன்."

மேஸ்திரி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கத்து ஜன்னல் என்று கேட்டார். மாமா தெற்கு என்றார். சித்தாந்தியின் பேரைச் சொன்னார். மேஸ்திரி சிரித்தார்.

"அவர் வீட்டுக்கு நான்தான் சார் வேல செஞ்சேன். தெக்கால சுவருக்கு சிமெண்ட் ஜாலி வெச்சிக் குடுத்தேன். காத்து இல்லாம அவருக்கே தூக்கம் வரலியாம்."

மாமா வண்டியை அணைத்தார். சிமெண்டில் வார்த்த, துளைத் துளையான ஜாலியை அவர் பார்க்காதவர் இல்லை.

"அவரு வீட்லயா? தெக்காலயா?"

"நைருதி மூலைல, சார், தெக்கும் மேக்கும் சேர்ற எடத்துல. வெளிய நல்லாப் பூசி, மேல சன்ஷேடு போட்டுக் குடுத்தேன். தண்ணி உள்ள வராது."

சித்தாந்திக்கு ஆகிற தெற்கு, அட்டெண்டருக்கு ஆகாமல் போகுமா? மாமா வண்டியை விட்டு இறங்கினார்.

"அவ நேத்து ராத்திரி கட்டில்லதான் படுத்தா" என்றார், எங்கள் யாரையும் பார்க்காமல். பிறகு மேஸ்திரியிடம், "ரெண்டு ஜாலியா வெச்சிடுங்க" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்கா கதவைத் திறந்தாள். முகம் தூங்கி எழுந்த வீக்கத்தோடு இருந்தது. தலையில் சட்டியோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாடா, கூலிக்கா வந்துகீற?"

"ஆமாக்கா. நேத்து யாரோ சுவர ஒடைச்சிட்டானாம்."

"துன்னியா?"

"வேல முடியட்டும்."

"மொதல்ல சுவர நனைங்க" என்று பின்னாலிருந்து மாமா சொன்னார். "காஞ்சத சுரண்டக் கூடாது."

நான் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன்.