இறக்கையில் வைத்த பொட்டு

பேச்சில் ஒரு வசதி உண்டு: சொன்ன சொல்லை அடுத்த சொல்லால் திருத்திவிடலாம். பிளாஸ்டிக்கில் அந்த வசதி கிடையாது. பசை தொட்டால் தொட்டதுதான். இலங்கையின் டிக்கோயாவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டு ஜன்னலோரம் அமர்ந்து, ஹரிக்கேன் என்னும் போர் விமானத்தின் மாதிரியை நான் கட்டத் தொடங்கியபோது முதலில் உணர்ந்தது இதைத்தான்.

விவாத மேடையில் வெற்றிக்குப் பழகியவன் நான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் இரண்டு இறக்கைத் துண்டுகள் சேரும் இடத்தில் தெரியும் மெல்லிய கோட்டை எந்த வாதத்தாலும் மறைக்க முடியாது. உப்புத்தாளால் தேய்த்துத்தான் மறைக்க வேண்டும். கொழும்பிலிருந்து வரவழைத்த பெட்டியில் இருந்த துண்டுகள் பல சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவை. அவற்றை இடுக்கியால் எடுத்து, மூச்சை அடக்கி ஒட்டுவேன். வர்ணம் காய்வதுதான் பெரும்பாடு. பனிமூட்டம் வீட்டுக்குள் வந்துபோகும் ஊரில் துவைத்த துணியே அடுப்புக்கு மேல் கட்டிய கயிற்றில்தான் காய்கிறது. எண்ணெய் வர்ணத்தைப் பற்றி என்ன சொல்ல?

இந்த விமானத்தை நான் தேர்ந்ததற்குக் காரணம் அதன் இறக்கையில் இருந்த ஓர் அடையாளம். இரண்டாம் உலகப் போரில் இலங்கை வானைக் காத்த இவ்வகை பிரித்தானிய விமானங்களில் நீல வளையமும் அதன் நடுவே சிவப்பு வட்டமும் இருந்தன. எதிர்த்து வந்த ஜப்பானிய விமானங்களின் அடையாளமும் சிவப்பு வட்டமே. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவன் நொடிப்பொழுதில் தீர்மானிக்க வேண்டும். தீர்மானம் தவறினால் தன் விமானத்தையே சுட்டு வீழ்த்துவான். ஆகவே நடுச் சிவப்பை மறைத்து வெள்ளை பூசினார்கள். தன் நிறத்தைத் தானே அழித்துக்கொண்டால்தான் தன்னவர் கையால் சாகாமல் தப்பலாம் என்ற நிலை. தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்கு இங்கேயே பிறந்து, இங்கேயே உழைத்து, ‘நீ எந்த நாட்டவன்?’ என்ற கேள்விக்குத் தலைமுறை தலைமுறையாகப் பதில் சொல்லி வந்தவர்களின் பேரனுக்கு அது வெறும் போர்ச் செய்தியாக இருக்க முடியுமா? பக்கத்து ஊரான ஹட்டனில் எங்கள் விவாத மன்றம் நடத்தவிருந்த கைவினைக் கண்காட்சியில், இவ்விமானத்தை மேசையில் வைத்து, அழிக்கப்பட்ட அந்தச் சிவப்பைப் பற்றியே பேசுவதென முடிவு செய்தேன். பெட்டியில் வந்த ஒட்டுப்படங்களில் சிவப்பு இருந்தது. அன்றைய படையினரைப் போலவே நானும் இரு இறக்கைகளிலும் உடற்பகுதியின் இரு பக்கங்களிலும் அதன்மேல் வெள்ளை தீட்டினேன்.

வேலை முடிந்த மகிழ்ச்சியில்தான் மன்றத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: “என் விமானத்தில் ஒரு பிழையைக் காட்டுங்கள். காட்டியவருக்கு அந்த விமானத்தையே தந்துவிடுகிறேன்.”

மேடையில் என்னை மடக்கிய ஒரே ஆள் அங்கே இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு கற்பிக்க வந்த ஆசிரியர் ஒருவரின் மகள், என் வயதினர். “எல்லாருக்கும் கேட்டதோ?” என்று அவர் சபையைப் பார்த்தார். “பிறகு, நான் அப்பிடிச் சொல்லேல்லை எண்டு மாத்தக் கூடாது.”

கண்காட்சிக்கு முன் ஆயுத பூசை வந்தது. மாலையில் நான் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று உரத்த குரலில் பேச்சை ஒத்திகை பார்த்துவிட்டுத் திரும்பினேன். சாமி படத்துக்கு முன்னால் அம்மாவின் கொழுந்துக் கூடை, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் அப்பாவின் கவ்வாத்துக் கத்தி, என் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் மேலே என் விமானம். நீல வளையங்களின் நடுவே, நான் தீட்டிய வெள்ளையின் மேல், நான்கு குங்குமப் பொட்டுகள்.

“அம்மா, இத யாரு எடுத்து இங்க வச்சா?”

“நாந்தான். போர் விமானம் ஆயுதம்னு நீதானே சொன்ன? ஆயுதத்த பூசையில வைக்காம வேற எதடா வைக்கிறது?”

என் வாதத்தாலேயே என்னை வீழ்த்தியிருந்தார்.

“பொட்டு எதுக்கும்மா?”

“வட்டம் போட்டு நடுவுல வெறுமையா விட்டிருந்த. நெத்தியில சந்தனத்த வச்சிட்டு குங்குமத்த மறந்தாப்புல இருந்துச்சு.” என் கை நீள்வதைப் பார்த்தார். “தொடாத! பூசையில வச்சத நாளைக்குத்தான் எடுக்கணும்.”

மறுநாள் காலையில் எடுத்துத் துடைத்தேன். முழுதாகக் காயாத வெள்ளை, குங்குமத்தைத் தனக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. துடைக்கத் துடைக்கச் சிவப்பு பரவி, வளையத்தின் விளிம்பைத் தொட்டு நின்றது. மீண்டும் தீட்டினால் கண்காட்சிக்குள் காயாது. சோர்ந்து அமர்ந்தபோதுதான் எனக்குள் இருந்த பேச்சாளன் விழித்துக்கொண்டான். சிவப்பு அழிக்கப்படுவதற்கு முன்னால் இவ்விமானம் இப்படித்தானே இருந்தது? பழைய விளக்க அட்டையைக் கிழித்துவிட்டுப் புதியது எழுதினேன்: ‘சிவப்பு நீக்கப்படுவதற்கு முந்தைய தோற்றம். நடுவில் உள்ள வட்டம் படையினரின் அடையாளம்.’ வரலாற்றின்படி அதில் ஒரு பிழையும் இல்லை. பேச்சையும் அதற்கேற்பத் திருப்பி அமைத்தேன்.

கண்காட்சியன்று அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். மண்டபத்தில் அவர் நேராக என் மேசைக்குத்தான் நடந்தார். அங்கே யாழ்ப்பாணத் தோழி ஏற்கெனவே குனிந்து நின்றிருந்தார்.

“சிவப்பை அழிச்சதைப் பற்றித்தானே பேசப்போறன் எண்டு சொன்னனீங்கள்? இதில சிவப்பு கிடக்கு.”

“அட்டையைப் படியுங்கள்” என்றேன்.

அவர் படித்தார். முகம் சற்றே வாடியது. “ம்... கெட்டிக்காரன்தான்.”

நான் வென்றுவிட்டேன். அப்போது அம்மாவும் அட்டையருகே வந்து ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டு வாசித்தார். வாசித்து முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன்டா, நான் வச்ச பொட்ட எவனோ வச்சதுன்னு எழுதியிருக்க?”

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். விடை என்னிடம் இருந்தது, ஒன்றல்ல, பல. காலவரிசையைச் சொல்லலாம், கண்காட்சிக்கான ஏற்பாடு என்று சமாளிக்கலாம். ஆனால் ஒருவர் தாங்கி நிற்கும் நிறத்தை இன்னொருவர் அழிப்பதைப் பற்றிப் பேச வந்தவன் நான். இங்கே அம்மாவின் பொட்டை அழித்தது யார் என்று சபை கேட்டால் எந்த வாதம் நிற்கும்? அட்டையை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

“இது அம்மா வைத்த குங்குமம். அந்த இடத்தில் வெள்ளைதான் இருந்திருக்க வேண்டும். பிழைதான். விமானம் உங்களுடையது.”

தோழி என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் வாக்கு வெறும் வாய்வீச்சாகியிருக்கும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

அன்று மேடையில் எழுதியதை விட்டுவிட்டுப் பேசினேன். வழக்கமான என் பேச்சுகளைவிடச் சுருக்கமானது. கைதட்டலும் அப்படியே.

டிக்கோயா பஸ்ஸில் அம்மா வெறும் அட்டைப்பெட்டியை மடியில் வைத்திருந்தார். “பொட்டு வச்சதுக்குப் போய் சாமானையே தூக்கிக் குடுத்துட்டு வர்றவன இப்பத்தான்டா பாக்குறேன்” என்றார். பெட்டியின் மூடியை அழுத்தி மூடிவிட்டு, “அந்தப் புள்ளகிட்டச் சொல்லு. பூசையில வச்ச சாமானக் கீழ தரையில வச்சிறப்படாது.”

கைபேசியில் அதை அப்படியே எழுதி அனுப்பினேன். பஸ் வளைவு ஒன்றில் திரும்பும்போது பதில் வந்தது: ‘மடியிலதான் வைச்சிருக்கிறன். காணுமோ எண்டு கேளுங்கோ.’

வாசித்துக் காட்டினேன்.

“போதும்னு எழுது” என்றார் அம்மா.