மீனுக்கு வைத்த ஆறு சட்டித் தண்ணீர்

எங்கள் வீட்டில் மனிதர் இரண்டு பேருக்கு ஒரு குடம் தண்ணீர், மீன் மூன்றுக்கு ஆறு சட்டித் தண்ணீர். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

முப்பதுகளின் தொடக்கம். கட்டுகஸ்தோட்டையில் என் கணவருக்குப் பாலத்தடியில் ஒரு புடவைக்கடை. அங்கே துணி எடுக்க வரும் தோட்டத்துத் துரைசானி ஒருத்தி, சீமைக்குத் திரும்பும்போது தன் கண்ணாடித் தொட்டியையும் அதில் நீந்திய மூன்று தங்கமீன்களையும் அவர் தலையில் கட்டிவிட்டுப் போனாள். வேறு யாராவது என்றால் சிரித்து மழுப்பியிருப்பார்கள். என் கணவருக்கு 'மாட்டேன்' என்ற சொல் வாயில் வராது. மாட்டு வண்டியில் தொட்டியை மடியில் அணைத்தபடி, சாரம் முழுக்க நனைந்து வந்து இறங்கினார்.

"பொரிக்கிறதா, ஆணம் காய்ச்சுறதா?" என்று கேட்டேன்.

"பாக்கிறத்துக்கு" என்றார்.

மீனைப் பார்ப்பதற்கென்று ஒருவர் வளர்ப்பார் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பார்ப்பதோடு விட்டாரா? துரைசானி சொல்லிக்கொடுத்த தண்ணீர்ச் சட்டம் ஒன்று இருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கையை விட்டால் விறைத்துப்போகும். அதை இறைத்த கையோடு தொட்டியில் ஊற்றினால் மீன் தாங்காதாம். அகன்ற வாய்ச் சட்டியில் ஊற்றி, வெள்ளைத் துணி போட்டு மூடி, இரண்டு நாள் ஆடாமல் அசையாமல் வைக்க வேண்டும். மண் அடியில் படியும், குளிர் போகும். வெள்ளிக்கிழமை காலையில் தொட்டியிலிருந்து மூன்று சட்டி பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, மூன்று சட்டி இந்தத் தண்ணீரை ஊற்றுவார். மற்ற மூன்று சட்டியும் ஆபத்துக்கு. மீனுக்கு என்ன ஆபத்து வரும் என்று அப்போது நான் கேலி செய்தேன்.

சட்டிகள் பின் விறாந்தையில் வரிசையாக இருந்தன. அவற்றில் நான் கை வைக்கக் கூடாது. என் கையில் துணி துவைத்த சவர்க்காரம் இருக்குமாம். அவரே தொப்பி போட்டுக்கொண்டு வந்து, துணியைப் பாதி மடித்து, சட்டியின் மேல் குனிந்து, உதடு அசைய, விரல் மடக்கி, தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு எத்தனை சிரட்டைத் தண்ணீர் என்று எண்ணுவார். மேலே தூசி படர்ந்திருந்தால் 'பூ' என்று ஊதி ஒதுக்குவார். கூடவே இருக்கிற எனக்கு இதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. செவ்வரத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவளுக்குத் தெரிந்தது வேறு.

பக்கத்து வீட்டு ராத்தா ஒருநாள் கோப்பையோடு வந்தாள்.

"அந்த வெள்ளத்துணி போட்ட சட்டியில கொஞ்சம் தண்ணி தாங்கொ. புள்ள மூணு நாளா அழுவுது."

மழைக்கு அவள் கிணறு கலங்கியிருக்கும் என்று நினைத்தேன். கேட்டவருக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்வது பாவம். ஊற்றிக் கொடுத்தேன். அன்று பின்னேரமே பிள்ளை தூங்கிவிட்டது. மூன்று நாள் ஓயாமல் அழுத பிள்ளை வேறு என்ன செய்யும்?

அடுத்த நாள் ஒருத்தி தலைவலி என்று வந்தாள். அதற்கடுத்த நாள் வந்தவள்தான் விஷயத்தை உடைத்தாள். "உங்கட மனிசர் ஓதி ஊதின தண்ணிக்கு நல்ல பலன் ஈக்குதாம்."

எங்கள் பக்கத்தில் நோய் நொடி என்றால் பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் கொண்டுபோய், அவர் ஓதி ஊதித் தந்ததைக் குடிப்பது வழக்கம். தூசி ஊதிய என் கணவரை அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள். அந்த இடத்திலேயே சிரித்து, உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வந்தவள் ஒரு தட்டு வட்டிலப்பமும் கொண்டுவந்திருந்தாள். வட்டிலப்பத்தை வாயில் வைத்துக்கொண்டு உண்மை பேச என்னால் முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காலையில் அவர் கடைக்குப் போனால் அந்த வீட்டில் நானும் மீனும்தான். இப்போது பின்வாசலில் ஆள் வருகிறது, பேச்சு வருகிறது, நான் பெரிய மனிதரின் பெண்சாதி. எனக்கு அது பிடித்திருந்தது. கொடுத்த அளவுக்குக் கிணற்றில் இறைத்து ஊற்றி, துணியை முன்போல் மடித்து வைத்துவிடுவேன். தண்ணீரின் முகத்தைப் பார்த்து அதன் வயதை யாரால் சொல்ல முடியும்?

மீனால் முடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவர் எண்ணி, ஊதி, மூன்று சட்டி மாற்றிவிட்டுக் கடைக்குப் போனார். பகல் சமையலுக்குப் போகும்போது தொட்டியைப் பார்த்தால், மூன்றில் பெரியது பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கிறது. அதை நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். ஊர்வலம் வருகிறவன் மாதிரி மெதுவாகத்தான் நீந்தும். நான் அரிசி புடைத்தால் கண்ணாடி ஓரம் வந்து நிற்கும். என் மாமியைப் பற்றி நான் மனம்விட்டுப் பேசியது அந்த மீனிடம் மட்டும்தான். அது வாயைத் திறந்து திறந்து மூடியதைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆபத்துக்கு வைத்த மூன்று சட்டியும் நிறைந்துதான் இருந்தன. முந்தின நாள் வந்தவர்களுக்கு ஆறு சட்டியும் காலியாகிவிட, அன்று விடிய நான் இறைத்து நிரப்பிய தண்ணீர்தான் எல்லாவற்றிலும். இரண்டு நாள் வைத்த தண்ணீர் எங்கள் வீட்டில் ஒரு சொட்டு இல்லை. இருந்ததெல்லாம் ஊரார் வீட்டில்.

முக்காட்டை இழுத்துக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடினேன்.

"ராத்தா, நான் தந்த தண்ணியில மிச்சம் ஈக்குதா?"

"அலுமாரியில பூட்டி வெச்சீக்குது. ஆருக்குச் சொகமில்ல?"

"மீனுக்கு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இனி மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். "அல்லா மேல சத்தியமா அவர் ஓதல்ல ராத்தா. சிரட்டைய எண்ணுறார், தூசிய ஊதுறார். அது மீனுக்கு வெச்ச கிணத்துத் தண்ணி."

ராத்தா அசையவில்லை. "பெரிய மனிசர்ட பொஞ்சாதிமார் இப்பிடித்தான் மறைப்பாங்க. மீனும் அல்லாட படைப்புத்தானே. நீங்க போங்கொ, நான் எல்லாரையும் கூட்டி வாறேன்."

வந்தார்கள். ஏழு பெண்கள், கையில் ஆளுக்கொரு போத்தல். பன்னீர்ப் போத்தல், மருந்துப் போத்தல், தைலப் போத்தல். நான் தொட்டியிலிருந்து குளிர்ந்த தண்ணீரை மொண்டு மொண்டு எடுக்க, அவர்கள் பிஸ்மில்லா சொல்லி ஊற்றினார்கள். யார் போத்தல் முதலில் என்பதில் சின்னச் சண்டை. தைலம் மணத்த போத்தலையும், கருஞ்சீரகம் ஊறிய போத்தலையும் கெஞ்சித்தான் தடுத்தேன்.

இந்த அமளியில் ஜும்ஆத் தொழுகை முடிந்து என் கணவர் வந்துவிட்டார். உள்ளே அந்நியப் பெண்கள். எப்படி வருவார்? வாசலில் நின்று இருமினார்.

"உள்ளுக்கு ஆரு?"

"ஊரே ஈக்குது! அங்கேயே நில்லுங்கொ!"

"மீனுக்கு என்னவும் நடந்ததா?"

மனைவிக்கு என்ன என்று கேட்கவில்லை, பாருங்கள். வெயிலில் தன் வீட்டு வாசலில் அவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். அந்த நேரத்தில் எனக்கு வந்த வெட்கம் கொஞ்சமல்ல.

கடைசிப் போத்தலும் ஊற்றிச் சற்று நேரம் போனது. மாப்பிள்ளை ஒரு செட்டையை அசைத்தது. பிறகு வாலை. பிறகு ஒன்றும் நடக்காததுபோல நிமிர்ந்து, மெதுவாக ஊர்வலம் புறப்பட்டது. ஏழு பேரும் சேர்ந்து 'சுப்ஹானல்லாஹ்' என்றதில் கூரை அதிர்ந்தது. இனி நான் எந்தச் சத்தியம் பண்ணியும் ஊர் நம்பாது என்று தெரிந்துவிட்டது.

பெண்கள் பின்வாசலால் போன பிறகு அவரை உள்ளே கூப்பிட்டு, கோப்பை, போத்தல், வட்டிலப்பம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஓதல்ல, எண்ணுறதுதான்னு அவங்களுக்குச் சத்தியம் பண்ணிச் சொன்னேன்" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. "சத்தியம் பண்ணினியா?"

"ஓம்."

"பண்ணியீக்கப்படாது." தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். "முதல்ல எண்ணுறதுதான். எண்ணி முடிஞ்ச பொறகு... செத்துப்போயிடப்படாதேன்னு எனக்குத் தெரிஞ்சத ஓதி ஊதுவேன். மீனுக்குத்தானே. ஆருக்கும் சொல்லாத."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்குமுன் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷம் கூட வாழ்ந்த எனக்குத் தெரியாததை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவள் கண்டுபிடித்திருக்கிறாள். தெரியாமல் செய்த சத்தியத்துக்குக் குற்றமில்லை என்று அவர் சொன்னார். இருந்தாலும் தின்ற வட்டிலப்பத்தையும் நினைத்து நான் மூன்று நோன்பு பிடித்தேன்.

அடுத்த கிழமை சந்தையிலிருந்து ஏழாவது சட்டி ஒன்று வாங்கிவந்தார். மீன் சட்டிகளிலிருந்து தள்ளி, செவ்வரத்தை வேலி ஓரமாக வைத்து, தண்ணீர் நிரப்பி வெள்ளைத் துணி போட்டார். வெள்ளிக்கிழமை காலையில் மீன் வேலை முடிந்ததும் அதன் மேலும் போய்க் குனிந்தார். கையில் சிரட்டை இல்லை, விரலும் மடக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.