கோரைப்பள்ளமும் இரண்டு வயிற்றெரிச்சலும்

கோமதிநாயகமும் நானும் பாசன அலுவலகத்தில் உதவிப் பொறியாளர்களாக ஒரே நாளில் சேர்ந்தோம். அன்று மத்தியானத்துக்குள்ளேயே எனக்கு அவர் மேல் பொறாமை வந்துவிட்டது. காரணம் சின்னதுதான். அறையில் இரண்டு மேசைகள் காலியாக இருந்தன. ஒன்று ஃபேனுக்கு நேர் கீழே, இன்னொன்று பழைய வரைபடச் சுருள்கள் அடைத்துக் கிடந்த பீரோவுக்குப் பக்கத்தில். செயற்பொறியாளர், அதாவது எங்கள் ஈ.ஈ., உள்ளே வந்து இருவரையும் ஒரு தடவை பார்த்தார். "கோமதி, நீங்க இங்க உக்காருங்க" என்று ஃபேன் மேசையைக் காட்டினார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சம் இருப்பது எனக்கு என்று நானே புரிந்துகொண்டு பீரோ பக்கம் போனேன்.

அதற்குப் பிறகு எல்லாம் அப்படியேதான் நடந்தது. அவருக்கு டவுனை ஒட்டிய செக்‌ஷன், எனக்கு டவுன் பஸ் பிடித்துப் போகிற சீவலப்பேரிப் பக்கம். அவருக்குப் புதிதாகச் சர்வீஸ் செய்துவந்த டம்பி லெவல், அதாவது நில மட்டம் பார்க்கிற தொலைநோக்கிக் கருவி. எனக்குக் கொடுத்த லெவலில் கண்ணை வைத்தால் மார்கழிப் பனியில் ஆற்றங்கரையைப் பார்ப்பது மாதிரி இருக்கும். விவசாயிகள் அலுவலகத்துக்கு வந்தால் "கோமதி சார் இருக்காவளா?" என்று கேட்பார்கள். என்னை "அந்த இன்னொரு சார்" என்பார்கள்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் மனதுக்குள் நாலு திட்டு திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மத்தியானம் டிபன் கேரியரைத் திறந்தவுடன் முதல் கரண்டி கூட்டை என் தட்டில் வைக்கிற மனிதரை எப்படித் திட்டுவது? அதுவும் என் வயிற்றெரிச்சலில் சேர்ந்துகொண்டது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் சிலர், "கள ஆய்வில் எதைப் பார்க்க வேண்டும் சார்?" என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை ஒரு கோப்பை வைத்துத்தான் சொல்ல முடியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மேசைக்கு வந்த செல்லையாவின் மனு அது.

செல்லையாவின் மனு

பிசான நெல் அறுப்பு முடிந்த பங்குனிச் சமயம். செல்லையாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சீவலப்பேரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். கால்வாய் ஊருக்கு மேற்கே ஓடுகிறது. அவருடைய நிலம் கிழக்கே, கால்வாயைவிடத் தாழ்ந்த ஒரு மேட்டில் இருக்கிறது. நடுவில் கோரை மண்டிய ஒரு பள்ளம். மழைக்காலம் முழுக்க அதில் தண்ணீர் நிற்கும், நாரை இறங்கும், அல்லி பூக்கும். சர்க்கார் கணக்கில் அது நீர்வழிப் புறம்போக்கு. அதை மண்ணடித்து மூடி, மேலே வாய்க்கால் எடுத்தால் கால்வாய்த் தண்ணீர் தன் நிலத்துக்கு வந்துவிடும், மானாவாரியாகக் கிடப்பதில் வாழை போடலாம் என்பதுதான் மனு. எங்கள் அலுவலகம் தடையில்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் அந்தக் கோப்பு ஆட்சியர் அலுவலகத்துக்கு நகரும்.

இடத்தைக் காட்ட அவரே வந்தார். வழி நெடுக அவர் பேசியது பள்ளத்தைப் பற்றி அல்ல. பள்ளத்தின் மேல்தலையில், கால்வாயை ஒட்டி, கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒரு கதலி வாழைத் தோப்பு நின்றது. அது அவர் மனைவியின் அண்ணன் வேலாயுதத்தினுடையது.

"எங்க மச்சானுக்கு யோகம் சார். மடைக்குப் பக்கத்துலயே நெலம். மண்வெட்டியத் தோள்ல போட்டுட்டுப் போனாப் போதும், தண்ணி தானா வருது. நான் வானத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"நீங்களும் வாழை போடலாம் அண்ணாச்சி. பாத்துட்டு எழுதுதேன்" என்றேன். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனது. பக்கத்து ஆளின் ஃபேனைப் பார்த்துப் பார்த்து வேர்க்கிறவன் நான். அவர் பேச்சு எனக்கு லேசில் விளங்கியது.

அப்போது கால்வாயில் தண்ணீரை நிறுத்திவைக்கிற அடைப்புக்காலம். மடைகளைப் பழுதுபார்க்கிற வேலை தலைக்கு மேல் கிடந்தது. மனு மேசையிலேயே தங்கிவிட்டது. செல்லையா வாராவாரம் வந்து நிற்பார். "வேல நடக்குதா சார்?" என்பார். "நடக்குது" என்பேன். அதற்குள் என்னை ஒரு மாதப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பிவிட்டார்கள். என் செக்‌ஷனைக் கூடுதல் பொறுப்பாகக் கோமதி பார்த்துக்கொண்டார்.

பாராட்டு

திரும்பி வந்த அன்று ஈ.ஈ. கூப்பிட்டார். அவர் இந்த ஊர்க்காரர் அல்ல, மெதுவாகத்தான் பேசுவார்.

"உங்க டேபிள்ல தூங்கிட்டு இருந்த மனு. கோமதி ஒரே விசிட்ல ரிப்போர்ட் போட்டுட்டாரு. பள்ளம் காஞ்சு வெடிச்சுக் கெடக்கு, மூடறதுல தடையில்லன்னு தெளிவா எழுதியிருக்காரு. வேகம்னா அது. அவர்கிட்ட கொஞ்சம் கேட்டுத் தெரிஞ்சுக்கங்க."

"சரி சார்."

"இது உங்க செக்‌ஷன். லெவல் எடுத்த தாள மட்டும் வச்சுக் குடுங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

வெளியே வந்தேன். ஃபேனுக்குக் கீழே கோமதி சிரித்துக்கொண்டே, "வாரும் வே, பயிற்சியில நல்ல சாப்பாடா?" என்று கேட்டார். காது மடல் வரை எரிந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளத்துக்கு மறுபடி போனது கடமைக்காக அல்ல. லெவல் தாளை மேசையிலிருந்தே கூட ஒப்பேற்றியிருப்பேன், அப்படிச் செய்கிறவர்கள் அன்றும் உண்டு. கோமதியின் ரிப்போர்ட்டில் ஒரு ஓட்டை கிடைக்காதா என்றுதான் போனேன். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் கறி வெந்துகொண்டிருக்கும்போது, பழைய டம்பி லெவலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பள்ளத்தின் கரையில்

ஸ்டாஃப் என்கிற அளவுகோலைப் பிடிக்க ஆள் இல்லை. செல்லையாவே பிடித்தார். கால்வாய்க் கரையிலிருந்து ஆரம்பித்து, வேலாயுதத்தின் தோப்பு, பள்ளம், பள்ளத்தின் கீழ்வாய், அதற்கும் கீழே உள்ள குளம் என்று வரிசையாக மட்டம் எடுத்தேன். கணக்குப் போட்டால் ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் தாழ்வு. தோப்பில் மிஞ்சுகிற தண்ணீர் பள்ளத்தில் இறங்கி, பள்ளத்திலிருந்து குளத்துக்குப் போகிறது. அதற்கு வேறு வழி கிடையாது. பள்ளத்து ஓரத்துப் பனைகளில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக்கோடு படிந்திருந்தது. கோமதி வந்தபோதும் அந்தக் கோடு அங்கேயேதான் இருந்திருக்கும். அவர் தரையில் வெடிப்பை மட்டும் பார்த்திருக்கிறார்.

கிடைத்துவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. பையிலிருந்து மனுவின் நகலை எடுத்து இன்னொரு தடவை படித்தேன். அப்போதுதான் மற்றொன்றும் உறைத்தது. வாய்க்கால் எடுக்க ஒரு கரை போதும். அகலமாக வைத்தாலும் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுதான். செல்லையா கேட்டிருந்தது பள்ளம் முழுவதையும்.

"அண்ணாச்சி, வாய்க்காலுக்கு ஒரு கரை போதும்லா? பள்ளம் பூராவும் எதுக்கு?"

"அரைகுறையாச் செஞ்சா நிக்காது சார்."

"பூராவும் மூடிட்டா, ஐப்பசி மழையில உங்க மச்சான் தோப்புத் தண்ணி எங்கன வடியும்?"

அவர் ஸ்டாஃபைப் பிடித்தபடி தோப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது அவன் பாடு" என்றார்.

"வாழை வேரு தண்ணியில நின்னா அழுகிப்போகும்."

"போகட்டுமே."

லெவலைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். அவராகவே மேலே பேசினார்.

"உங்களுக்கு வெளங்காது சார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவன் ஒரு வாழைத்தார் கொண்டாந்து எங்க வீட்டு முத்தத்துல எறக்குதான். எம்பொஞ்சாதி எங்கண்ணன் தாரு, எங்கண்ணன் தாருன்னு தெருப்பூரா சீப்புச் சீப்பாக் குடுத்துட்டு வாரா. எம்பிள்ளைகளும் அதத்தான் திங்குது. எனக்கு அந்தப் பழம் தொண்டையில எறங்க மாட்டேங்கு."

எனக்கு விளங்காதாம்! கோமதி வைக்கிற கூட்டைத் தினமும் விழுங்குகிறவனுக்கா விளங்காது? கோமதிக்குத்தான் இது விளங்கியிருக்காது. யார் மேலும் பொறாமைப்பட வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை. பள்ளம் பூராவும் மூட வேண்டும் என்று ஒருவர் கேட்டால், வாய்க்கால் உறுதியாக நிற்க வேண்டும் என்று கேட்கிறார் என்று நம்பிவிட்டார்.

"அண்ணாச்சி, இப்படியே எழுதுனா நான் முடியாதுன்னுதான் எழுதுவேன்" என்றேன். "ஒரு கரைக்கு மட்டும் புதுசா மனு குடுங்க. ஒங்களுக்குத் தண்ணி வரும். ஒங்க முத்தத்துல ஒங்க தாரு எறங்கும். அது போதுமா, இல்ல அவரு தோப்பும் அழுகணுமா?"

ரொம்ப நேரம் கோரையைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றார். கடைசியில், "தண்ணி வந்தாப் போதும் சார்" என்றார். அங்கேயே கரையில் உட்கார்ந்து எழுதி வாங்கினேன்.

ஈ.ஈ. அறை

மறுநாள் லெவல் தாளை ஈ.ஈ. முன்னால் விரித்தேன். கோமதியும் இருந்தார். அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும் என்று மூன்று வருஷமாகக் காத்திருந்தேன். பள்ளத்தை மூடினால் மேல் நிலம் முழுக்க முங்கிவிடும் என்று ஒவ்வொரு மட்டமாகக் காட்டினேன். பனைமரத்துச் சேற்றுக்கோட்டையும் விடவில்லை.

கோமதி எழுந்து வந்து என் தோளில் கை போட்டார்.

"அடடா, நான் பாக்கலையே வே! நல்லவேள, நீரு பாத்தீரு. சார், இது என் தப்புதான். இவரு போகலன்னா ஒரு தோப்பே அழிஞ்சிருக்கும்." உடனே பென்சிலை எடுத்து என் தாளிலேயே கோடு போட்டார். "இவரு சொல்லுத ஒத்தக் கரையப் போடுவோம் சார். அடியில குறுக்க மூணு சிமெண்ட் குழாயப் பதிச்சுட்டா, மேல வாய்க்கால் போகும், கீழ வடிகால் போகும்."

குழாய் எனக்குத் தோன்றவில்லை; அது இல்லாவிட்டால் என் ஒற்றைக் கரையும் தண்ணீரை மறித்திருக்கும். அது சரியான வழி என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ஈ.ஈ. சாய்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"பாத்தீங்களா? தப்புன்னு தெரிஞ்ச உடனே ஒத்துக்கிட்டு, வழியும் சொல்றாரு. இந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?"

தப்பு செய்தவர் அவர், கண்டுபிடித்தவன் நான், பாராட்டு மறுபடியும் ஃபேனுக்குக் கீழே போய்விட்டது. "ஆமா சார்" என்றேன்.

முதல் வெட்டு

அனுமதி ஒரு கரைக்கும் மூன்று குழாய்களுக்கும் கிடைத்தது. ஐப்பசி அடைமழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். குழாய் வழியாகத் தண்ணீர் பொங்கிப் போனது. வேலாயுதத்தின் வாழை ஒன்றுகூடச் சாயவில்லை. கரைக்கு மேலே வாய்க்கால் செல்லையாவின் நிலத்துக்குப் போயிருந்தது. மிச்சப் பள்ளத்தில் நாரைகள் நின்றன.

வாழை போட்டு முதல் வெட்டு முடிந்ததும் செல்லையா அலுவலகத்துக்கு வந்தார். டி.வி.எஸ். ஐம்பதின் பின்னால் பழுத்த பெரிய கதலித்தார் ஒன்று கட்டியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"மொதத் தார மச்சான் வீட்டு முத்தத்துல எறக்கிட்டேன் சார். அவன் முழிச்ச முழியப் பாக்கணுமே! எம்பொஞ்சாதி எங்கூட்டுத் தாருன்னு தெருப்பூரா சொல்லுதா." கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டு கேட்டார். "இது ரெண்டாவது தாரு. கோமதி சாரு வீடு எங்கன சார்?"

அவிழ்ப்பதற்கு உதவலாம் என்று நான் கையை நீட்டியிருந்தேன். மடக்கிக்கொண்டேன். "கோமதி சாருக்கா?" என்றேன்.

"ஆமா. மொதல்ல பள்ளம் பூராவும் தாரேன்னு எழுதுனவுக அவுகல்லா. நீங்க கொறச்சிய. தப்பா நெனைக்காதீய, உங்களுக்கு அடுத்த வெட்டுல கொண்டாருதேன்."

பேட்டை பஸ் ஸ்டாப்பில் இறங்கி இடது கைப்பக்கம் மூன்றாவது வீடு என்று சரியாகத்தான் வழி சொன்னேன்.

புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மனு வந்தால், அந்த ஆளின் தேவைக்கு எவ்வளவு போதும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் கேட்டிருந்தால், அந்த மிச்சம் யார் தலையில் விழும் என்று போய்ப் பாருங்கள். அவர் இடத்தைக் காட்டும்போது கை காட்டும் பக்கத்தைவிட, கண் போகிற பக்கத்தைக் கவனியுங்கள். மட்டம் எடுக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் அலுவலகத்தில் உங்களைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் இருந்தால், அவர் ரிப்போர்ட்டை நீங்கள் எப்படிப் படிப்பீர்களோ, அப்படியே உங்கள் ரிப்போர்ட்டையும் ஒரு தடவை படித்துவிட்டு அனுப்புங்கள்.

செல்லையா தாரோடு வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால், கூடத்தில் நாலு சீப்புக் கதலி இருந்தது. கோமதி வீட்டிலிருந்து கொடுத்துவிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு தின்றுவிட்டு, ரொம்ப இனிப்பாக இருக்கிறது என்றார்கள். என் மனைவி ஒன்றை உரித்து என் கையில் கொடுத்தாள். ஒரு கடி கடித்தேன். தொண்டையில் இறங்கவில்லை.