மூன்று நிமிட மங்களம்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் இத்தோடு எழுந்து போய்விடுங்கள். "வெயில்ல மயக்கம் வந்திருக்கும்லா" என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்ன இரண்டு பேரோடு இன்றுவரை எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. இது நடந்தது சென்ற வருடம், ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பட்டப்பகலில், ஜொகூர் மாநிலத்துத் தெப்ராவில் ஒரு மண்டபத்தில்.

என் பெயர் தனலெட்சுமி. பாசிர் கூடாங்கில் ஷிஃப்ட் வேலை. எனக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர் யோங் பெங் சொர்ணம் டீச்சர். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து, கர்நாடக சங்கீதத்தில் ஜொகூர் முழுக்கப் பேர் வாங்கியவர். அன்று அவருக்குக் கலைச் சங்கம் ஒன்றின் பாராட்டு விழா. எண்பத்தோரு வயதில்.

பாராட்டாம், பெரிய பாராட்டு! இதே சங்கம்தான் பதினொரு வருடத்துக்கு முன்னால் அவர் கச்சேரியைப் பாதியில் நிறுத்தியது. டத்தோ பட்டம் வாங்கிய யாரோ ஒரு பிரமுகர் வந்துவிட்டார் என்று செயலாளர் ரூபேந்திரன் கையைக் காட்ட, மைக்கை அணைத்துவிட்டார்கள். டீச்சர் மங்களம் பாடவில்லை. கச்சேரியை மங்களம் பாடித்தான் முடிக்க வேண்டும். பாடாவிட்டால் அது முடியாத கச்சேரி. அதன் பிறகு அவர் மேடையே ஏறவில்லை. "அதை முடிக்காம எப்படி இன்னொன்னை ஆரம்பிக்கிறது?" என்பார். இந்த விழாவுக்கு ஒப்புக்கொண்டதே ஒரே நிபந்தனையில்தான். பொன்னாடை வேண்டாம், கேடயம் வேண்டாம். அந்த மங்களத்தைப் பாட மூன்று நிமிடம் வேண்டும்.

பகல் 2.15. நிகழ்ச்சி நிரலைக் கையில் வாங்கினேன். சினிமாப் பாட்டுக்கு நடனம், இருபத்தைந்து நிமிடம். டத்தோ உரை, நாற்பது நிமிடம். மங்களம்... இல்லவே இல்லை.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ரூபேந்திரனைப் பிடித்தேன்.

"சார், டீச்சர் பாட்டு எங்க?"

"அலமாக், நேரம் எங்கம்மா இருக்கு? டத்தோ நாலரைக்குக் கிளம்பணும்."

"மூணே மூணு நிமிஷம் சார்!"

"பார்க்கலாம், பார்க்கலாம்."

என் முகத்தைப் பார்க்காமலே நழுவினார். வாயில் நல்லா வந்தது. டீச்சர் முகத்துக்காக அடக்கிக்கொண்டு, முக்கால் மணி நேரம் ரூபேந்திரன் பின்னாலேயே அலைந்து, கடைசியில் கூட்டத்தில் அவரைத் தவறவிட்டேன். பலன் இல்லை.

3.20. மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறைக்குப் போனேன். கதவைத் திறந்தால் டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

பச்சைப் பட்டுப் புடவை. தலை நிறைய பூ. அவரைக் காரில் அழைத்து வர வேண்டியவன் அவருடைய தம்பி மகன் விஜயன். அவனைக் காணோம். கார் நிறுத்தப் போயிருப்பான் என்று நினைத்தேன்.

"எப்ப வந்தீங்க டீச்சர்?"

என் பையைக் கண்ணால் காட்டினார்.

காலில் செருப்பு இல்லை. வெளியே தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. பாதத்தில் ஒரு பொட்டுத் தூசிகூட இல்லை.

பையிலிருந்து சுருதிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, பையை மூலையில் போட்டேன். பெட்டியைத் தட்டி, நாலு கட்டையில் வைத்தேன். வயதான பிறகு அதுதான் அவர் சுருதி.

"அஞ்சுக்கு ஏத்து, தனம்."

ஐந்து கட்டையா? அது அவர் இளமையில் பாடிய சுருதி.

ஏற்றினேன். மெல்ல முனகிப் பார்த்தார். குரல் கணீரென்று இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து, பேசினாலே கரகரக்கும் குரல் அது. வலது கையும் விழுந்துவிட்டது.

அந்த வலது கையால்தான் இப்போது தொடையில் தாளம் போட்டார்.

கை விழுந்தது... எழுந்தது... விழுந்தது...

சத்தமே வரவில்லை.

எனக்கு முதுகில் சில்லென்றது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. டீச்சரால் பாட முடிகிறது! ஓடினேன்.

3.52. மண்டபம் முழுக்கத் தேடி, கடைசியில் மேடைப் படியருகே ரூபேந்திரன். குளிர்சாதனம் ஓடுகிற மண்டபத்தில் சட்டை நனைந்திருந்தது.

"சார், டீச்சர் உள்ள உட்கார்ந்திருக்காங்க. நல்லா பாடுறாங்க..."

"அந்த ரூமுக்குப் போகாதே."

"என்ன?"

"அவங்களால வர முடியலன்னு அறிவிச்சிடுவோம்."

"உள்ள இருக்கிற மனுஷியை வரலைன்னு சொல்வீங்களா? நீங்கல்லாம் சோறுதானே திங்கிறீங்க?"

கத்திவிட்டேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தொண்டர்கள் இரண்டு பேர் என் கையைப் பிடித்து, மண்டபத்தின் கடைசி வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அவமானத்தில் கண் எரிந்தது.

4.10. டத்தோ பேசிக்கொண்டிருந்தார். தன் பள்ளிக்கூடக் காலம், தன் தொழில், தன் தலைமை. டீச்சர் பெயரை ஒரு தடவை சொன்னார்.

4.13. மைக் செத்தது.

ஒலிபெருக்கியில் ஒரு ரீங்காரம்.

ம்ம்ம்ம்ம்ம்...

சுருதி. ஐந்து கட்டை.

பிறகு குரல்.

மங்களம்.

ரூபேந்திரன் ஒலிக் கருவியிடம் ஓடினார். பொத்தான்களை அழுத்தினார். கடைசியில் ஒயரையே பிடுங்கினார். கருவியில் எல்லா விளக்கும் அணைந்தது.

பாட்டு நிற்கவில்லை.

மேடையில் டத்தோவைத் தவிர யாரும் இல்லை.

பாட்டு நிற்கவில்லை...

கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. பழைய ஒலிப்பதிவு என்று நினைத்து, எழுந்து நின்று கேட்டார்கள். 4.16க்கு முடிந்தது. கைதட்டினார்கள். அப்புறம் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மங்களம் பாடியாயிற்றே, இனி என்ன விழா? டத்தோ திறந்த வாயோடு மேடையில் நின்றார். வேணும், நல்லா வேணும் என்று இருந்தது எனக்கு.

அறைக்கு ஓடினேன்.

யாரும் இல்லை.

நாற்காலியைத் தொட்டேன். ஐஸ் மாதிரி குளிர்ந்து கிடந்தது.

மூலையில் கிடந்த என் பையிலிருந்து போனை எடுத்தேன். சத்தம் அணைத்து வைத்திருந்தேன். விஜயனிடமிருந்து ஏழு அழைப்புகள். திருப்பி அடித்தேன்.

"அக்கா... அத்தை போய்ட்டாங்க அக்கா. வீட்டுலயே, கிளம்புற நேரத்துல. ஒன்னே முக்கால் மணிக்கு."

நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.

"உங்களுக்கு அடிச்சேன், எடுக்கல. உடனே செயலாளருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். விழா முடியட்டும், அதுவரைக்கும் யாருக்கும் சொல்லாதேன்னாரு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். வாசலில் ரூபேந்திரன். உள்ளே காலை வைக்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போய்ட்டாங்களா?" என்றார்.

"எல்லாம் தெரிஞ்சும் எப்படி சார் மறைச்சீங்க?"

"நானும் பார்த்தேன் தனம். மூணு மணிக்கு. இதே நாற்காலியில. இப்பவாவது மைக் தருவியான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தலை குனிந்தார்.

"நேரம் இல்லைன்னு சொன்னேன்."