உப்புக்குவியல் நின்ற இடம்

அடுக்களையில் எவர்சில்வர் தம்ளர் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. டீ ஆற்றிக்கொண்டிருந்த ஆராயியின் கையிலிருந்து நழுவியிருக்க வேண்டும். கூடத்தில் பேராசிரியை சுலோசனா சொன்னது அவள் காதிலும் விழுந்துவிட்டது.

"இந்தத் திட்டம் தேறாது மலர்."

மலர்கொடி தலைகுனிந்து நின்றாள். மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமந்தே ஆராயி படிக்கவைத்த ஒரே மகள். திங்கட்கிழமைக்குள் சுலோசனாவின் கையெழுத்தோடு திட்டம் போய்ச் சேராவிட்டால், கல்லூரியில் கிடைத்த ஆராய்ச்சி இடம் பறிபோய்விடும்.

அவள் ஆராயவிருந்தது 'பெரிய களவா' என்ற ராட்சத மீன். சட்டம் பாதுகாக்கும் இனம். பிடிக்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது. கடலடிப் பாறைத்திட்டான ஒரே 'பாரு'க்கு மாதந்தோறும் போய், மூழ்கி, அதே மீன் எவ்வளவு வளர்கிறது, எப்போது துணை சேர்கிறது என்று கண்ணால் பார்த்தே குறிக்க வேண்டும்.

அன்று காலை சுலோசனாவோடு மீனவன் சவரிமுத்துவின் படகில் சுற்றிச் சுற்றித் தேடியும் அந்தப் பார் அகப்படவில்லை. ஆவணியில் அங்கே மீனைக் கண்டபோது, மறுபடி அதே இடத்துக்கு வர அவள் குறித்திருந்த இரண்டு கரை அடையாளங்களில் ஒன்று சரியாக இருந்தது. மற்றொன்று, தண்ணீர்த் தொட்டிக்கு நேர் முன்னால் தெரியும் உப்புக்குவியல். ஆவணியில் மலையாய் நின்ற அது, தை பிறப்பதற்குள் லாரியேறிப் போய்விட்டது. வருடாவருடம் அதே மேட்டில் குவியலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, அது இல்லாத மாதங்களும் உண்டென்று எழுதும்போது தோன்றவேயில்லை.

"உப்ப நம்பி கடலுக்கு வந்த மொத ஆளு நீதாம்மா," என்றான் வாசலில் நின்ற சவரிமுத்து.

மலர்கொடி சட்டென்று நிமிர்ந்தாள். குவியல்தானே போனது? மேடு அங்கேயேதானே இருக்கிறது?

"அம்மா, குவியல் நின்ன எடத்துல நீ போய் நில்லு."

"எம்மாம் நேரம்டி?"

"நான் மீனப் பாக்குற வரைக்கும்."

ஆராயி உள்ளே போனாள். பெட்டியிலிருந்து தன் கல்யாணக் கூறைப்புடவையை எடுத்தாள். நீளமான சவுக்குக் கழியில் அதைக் கட்டித் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தாள்.

சுலோசனாவையும் ஏற்றிக்கொண்டு படகு மறுபடியும் கிளம்பியது. தொட்டிக்குக் கீழே சிவப்பாய் ஒரு பொட்டு அசைந்தது. அதுவும் தொட்டியும் நேர்கோட்டில் வந்த இடத்தில் சவரிமுத்து நங்கூரத்தை இறக்கினான். கல்லில் தட்டியது. மலர்கொடி குதித்தாள்.

அவள் மேலே வந்தபோது கண்ணில் வழிந்தது கடல்நீர் மட்டுமல்ல.

"இருக்குது மேடம்! கன்னுக்குட்டி மாதிரி இருக்குது. ஆவணியில பாத்த அதே வால் கிழிசல்!"

அதே மீன், அதே பாரில். திட்டத்துக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்தி மங்கும்போது சுலோசனா அதே கூடத்தில் உட்கார்ந்து, 'குவியல்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'மேட்டில் நடும் சிமெண்ட் கம்பம்' என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார். மாதந்தோறும் ஆராயியை அங்கே நிற்கவைக்க முடியாதே என்றார்.

"நிப்பேங்க," என்றாள் ஆராயி. கழி அழுத்திய தடம் அவள் உள்ளங்கையில் இன்னும் சிவந்திருந்தது.

சுலோசனா அந்தக் கையை ஒரு கணம் பிடித்திருந்துவிட்டுப் படியிறங்கினார். அவருடைய கார் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பி மறையும்வரை பார்த்திருந்த மலர்கொடி, உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.