யாரும் அனுப்பாத பாக்கெட்

கணக்கு நேராகாவிட்டால் லோர்னா பெக்வித்துக்குச் சாப்பாடு இறங்காது. சாண்டா கிளாராவில், தரவு மையங்களில் கணினிகளுக்கிடையே தகவலைக் கடத்திவிடும் சுவிட்ச் சிப் வடிவமைப்பது அவள் பிழைப்பு. ஒரு வாயிலில் நுழையும் தகவல் பொட்டலமான பாக்கெட்டைத் துண்டு துண்டாக்கி, பல வழிகளில் ஓடவிட்டு, மறுபுறம் ஒட்டி அனுப்ப வேண்டும். வாயில்கள் எத்தனை பெருகினாலும் உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தாக வேண்டும். அவ்வளவுதான் வேலை, அதற்குள் தலை நரைத்துவிட்டது.

சிப்பின் வடிவமைப்பைத் தயாரிப்பு ஆலைக்கு அனுப்ப அவள் கையெழுத்துப் போட வேண்டிய காலை அது. சிப்பின் மாதிரியை ஓட்டிச் சோதிக்கும் பெட்டியிலிருந்து ஒரு பாக்கெட் கூடுதலாக வெளியே வந்தது. யாரும் உள்ளே அனுப்பாத பாக்கெட்.

“எண்ணுறதுலதான் ஏதோ கோளாறு. விட்டுத் தள்ளு, லோர்னா. கொண்டாட கேக் வேற வாங்கி வச்சாச்சு,” என்றான் மேலாளர் ட்ரெவர். மேலாளர்கள் எந்த ஊரிலும் ஒரே அச்சுதான். கணக்கு இடித்தால் கணக்குப்பிள்ளையைக் குறை சொல்வார்கள்.

அவள் அந்தப் பாக்கெட்டைத் திறந்து பார்த்தாள். சோதனைப் பாக்கெட்டுக்குள் அவரவர் மனம்போல ஒரு வரி எழுதிவைப்பது அங்கே வழக்கம். இதில் இருந்த வரி: ‘காபி ஆறுது, லோர்னா.’

வேலை மும்முரத்தில் காபியை மறப்பவளை அப்படிச் சீண்டியவன் பக்கத்து மேசை வெண்டல் ஒருவன்தான். அவன் மாரடைப்பில் இறந்து மாதங்கள் ஆகின்றன. அவன் சோதனைக் கோப்புகளை அழித்ததும் அவளேதான்.

“செத்தவன் சேதி அனுப்புறானா?” ட்ரெவரின் சிரிப்பு பாதியில் நின்றது.

“அவன் கடைசியா ஓட்டினதுக்கப்புறம் இந்தப் பெட்டிய யாரும் அணைக்கல. பழசு உள்ளயே கிடந்து வெளிய கசியுது. நாளைக்கு ஒருத்தரோட மருத்துவ ரிப்போர்ட் இன்னொருத்தருக்குப் போகும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

கேக் காய்ந்தது. பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். இனிப் பெட்டியை அணைத்து, நினைவகத்தை வெறுமையாக்கி, மறுபடி ஓட்ட வேண்டும். அணைத்தால் வெண்டலின் அந்த வரியும் போய்விடும். பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு அழுத்தினாள்.

மறுபடி ஓட்டியபோது முதல் பாக்கெட்டில் அவளே எழுதினாள்: ‘குடிச்சிட்டேன், வெண்டல்.’ அதன்பின் லட்சக்கணக்கில் அனுப்பினார்கள். எல்லாம் வெளியே வந்தன. அவளுடையது மட்டும் வரவில்லை.

“உள்ளயே எங்கயாவது மாட்டியிருக்கும்,” என்றான் ட்ரெவர். குரல் இறங்கியிருந்தது.

சிப்பின் ஒவ்வொரு மூலையையும் தேடினார்கள். எங்கும் துடைத்துவைத்த வெறுமை. அந்தப் பாக்கெட் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது என்று லோர்னாவுக்குப் பட்டது. ஆனால் எந்த வாயில் வழியாக என்று கேட்டால் என்ன சொல்வாள்? அன்றும் அவள் கையெழுத்துப் போடவில்லை.